மாடி இல்லாத வீட்டுக்குப் படிக்கட்டு

போன மாதம் மஞ்சக்குப்பத்தில் நடந்த, புதிய பொறியாளர்களுக்கான உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். முக்கால் மணி நேரம் பேசினேன். கைதட்டினீர்கள், சால்வை போட்டீர்கள், டீயும் மெதுவடையும் கொடுத்தீர்கள். அன்றைக்கு நான் சொன்னதெல்லாம் ஜெயித்த கதைகள். தோற்ற கதை என்றால் சிரிக்கும்படி தோற்ற கதைகள். சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

வகுப்பு முடியும் நேரத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து உங்களில் ஒரு பெண் எழுந்து, நான் எழுதிய அறிக்கை ஏதாவது தப்பாகப் போயிருக்கிறதா என்று கேட்டார். என் கையெழுத்தை யாராலும் படிக்க முடியாது, அதனால் தப்பை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். அவரும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். ஆனால் வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் எனக்காகக் காத்திருந்தார்.

"சார், ஆத்தங்கரை காலனி ஃபைல் இப்ப என் டேபிள்லதான் இருக்கு. வெள்ளத்துல விழுந்த வீடுங்கள அதே எடத்துல திரும்பக் கட்டலாமான்னு கேட்டிருக்காங்க. பழைய ரிப்போர்ட்டே இருக்கே, அத வெச்சு ஓகே பண்ணிடுங்கன்னு சொல்றாங்க. அதுல உள்ளூர் விசாரணைன்னு ஒரு பத்தி. மாற்றுக் கருத்து ஏதுமில்லைன்னு நீங்க எழுதியிருக்கீங்க. நெஜமாவே யாரும் ஒண்ணும் சொல்லலியா சார்?"

"அப்ப யாரும் ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். பஸ் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் அந்தப் பெண்ணின் முகம்தான்.

நான் சொன்னது பொய். ஒருவர் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை வாயால். இன்னொரு தடவை டிபன் டப்பாவில் மணலை அள்ளிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்து.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், வகுப்பில் சொன்ன கம்மாபுரத்துக் கதையின் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், கத்திரி வெயில் காலத்தில், அங்கே ஒரு ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடுவதைப் பார்த்தேன். சுற்றிலும் குளம் குட்டையெல்லாம் வெடித்துக் கிடக்க, இது மட்டும் ஓடுகிறது. மூன்று நாள் அளந்தேன். பூமிக்கடியில் ஊற்று இருக்கிறது என்று நான்கு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். என் மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம், இந்தத் தண்ணி எது வரைக்கும் ஓடும் என்று கேட்டார். "சுரங்கத்துல மோட்டார் ஓடுற வரைக்கும் ஓடும்" என்றார் அந்த அம்மாள். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து இறைத்து வெளியே விடும் தண்ணீர் அது. மேலதிகாரி என் பக்கம் திரும்பி, "இது மழைத் தண்ணி இல்லய்யா, கரண்டுத் தண்ணி" என்றார்.

இதுவரைக்கும்தான் வகுப்பில் சொன்னேன். திரும்பும் வழியில் ஜீப்பில் அவர் இன்னொன்றும் சொன்னார். "மூணு நாள் அளந்த. ஒரு வார்த்த கேக்கல." அன்றிலிருந்து எங்கே போனாலும் ஊர் மனிதர்களைக் கேட்க ஆரம்பித்தேன். அதனால் என்னை நல்ல பொறியாளர் என்றார்கள். நானும் நம்பினேன். கேட்பது ஒரு பாதிதான், கேட்டதை எழுதுவது இன்னொரு பாதி என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று.

பிறகு கடலூரில் பெண்ணையாற்றுப் பிரிவுக்கு வந்தேன். அங்கேதான் அந்த லஸ்கர். கரையைக் காவல் காப்பவரை, மதகு திறந்து மூடுபவரை நாம் லஸ்கர் என்போம். உங்களில் சிலர் இப்போது வேறு பெயரில் அழைக்கிறீர்கள். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒன்பது வருஷம் ஒரே கரையில் நடந்தோம். என்னைக் கரைமேல் நடக்கவிட்டு அவர் ஆற்றுப் பக்கச் சரிவில் நடப்பார். நான் ஏன் என்று கேட்டால், "சார் செருப்பு நல்ல செருப்பு, பாழாப் போயிடும்" என்பார். மத்தியானம் மதகு மேடையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவருடைய இரண்டு அடுக்கு டப்பாவில் மேலடுக்கு எனக்கு. பெரும்பாலும் இறால் தொக்கு, இல்லாவிட்டால் கருவாடு. என் தயிர்சாதத்தை அவர் வாங்கிக்கொண்டு, "ஆஸ்பத்திரிச் சோறு சார் இது. சாரு எப்பிடி நடக்குறீங்களோ" என்பார். சொல்லிவிட்டுக் கடைசிப் பருக்கை வரை சாப்பிடுவார்.

ஆறு மாறும் என்று நாம் எல்லோரும் படித்துவிட்டுத்தான் வருகிறோம். கண்ணெதிரே மாறுவதைப் பார்க்க ஒரே இடத்தில் பல வருஷம் நடக்க வேண்டும். கொள்ளிடத்துப் படுகையில் ஒரு குடும்பத்தின் வாழைத்தோப்பு ஒரே வெள்ளத்தில் போனதையும், அடுத்த வருஷம் எதிர்க்கரையில், வேறு மாவட்டத்தில், அதே அளவுக்கு ஒரு மணல்மேடு எழுந்ததையும் பார்த்திருக்கிறேன். அது ஆறு தானாகச் செய்தது. பெண்ணையில் நாம் செய்ததும் சேர்ந்துகொண்டது. மணல் அள்ள அள்ளப் படுகை இறங்கியது. குளிக்கக் கட்டிய படித்துறையின் கடைசிப் படி, தரையைத் தொடாமல் இடுப்பு உயரத்தில் தொங்கியது. மேலே அணையில் சின்ன வெள்ளங்களைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஆறு வருஷா வருஷம் தன்னைக் கழுவிக்கொள்ள முடியவில்லை. நடுவில் மணல்திட்டு வளர்ந்தது, அதன்மேல் நாணலும் கருவேலமும் ஏறின. தண்ணீர் திட்டைச் சுற்றிக்கொண்டு ஒரு வருஷம் வடகரையை ஒட்டி ஓடும், இன்னொரு வருஷம் நம் கரையை.

நான் சொல்ல வந்த வருஷத்தில் ஆறு வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. தென்கரை மேலேயே குடிசை போட்டு நாற்பது குடும்பங்கள் இருந்தன. முந்தைய மழையில் ஒரு குடிசை சரிந்து ஆற்றில் போயிருந்தது. நல்லவேளையாக உள்ளே ஆள் இல்லை. ஐப்பசிக்கு முன்னால் அவர்களை இறக்கி வேறு இடத்தில் குடி வைக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, ஊருக்குத் தெற்கே, அரசாங்கத் தரிசு ஒன்று இருந்தது. அங்கே மனை கொடுத்து வீடும் கட்டித் தரலாம். அந்த இடம் வெள்ளத்துக்கு ஆளாகாது என்று நம் அலுவலகத்திலிருந்து ஒரு அறிக்கை வேண்டும். இரண்டு நாள் கொடுத்தார்கள். அறிக்கை எழுத வேண்டியவன் நான்.

குடிசைகளில் ஒன்று லஸ்கருடைய மகளுடையது. மருமகன் கட்டட வேலைக்குப் போகிறவர். பட்டியலில் அவர்கள் பெயரும் இருந்தது.

நிலத்தை அளந்தேன். ஏட்டில் இருந்த மிகப் பெரிய வெள்ளத்தின் மட்டத்தைவிட அந்த இடம் உயரம். கரையும் பலமாக இருந்தது. வரைபடத்தில் அங்கே ஆறு என்று ஒரு கோடுகூட இல்லை. திருப்தியோடு கருவிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது லஸ்கர் தரிசின் நடுவே போய் நின்றார்.

"சார், இது பழைய ஆறு."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"சாமி இங்கதான மொதல்ல எறங்குது."

கடலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்கிறேன். தை மாதம் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. ஒவ்வொரு ஊர்ச் சாமியும் பெண்ணைக்கோ கெடிலத்துக்கோ தீர்த்தவாரிக்குப் போகும். மணலில் கடை போட்டு சிறுவள்ளிக்கிழங்கு விற்பார்கள். அந்த ஊர்ச் சாமி மட்டும் கோயிலிலிருந்து கிளம்பி, ஆற்றுக்குப் போகாமல் முதலில் இந்தத் தரிசுக்கு வரும். நடுவே ஒரு இடத்தில் இறக்கி வைப்பார்கள். தெற்கே பார்த்துக் கற்பூரம் காட்டி, ஒரு குடம் தண்ணீரைத் தரையில் ஊற்றுவார்கள். பிறகு தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். வருஷா வருஷம் திருவிழாவில் நானும் பார்த்திருக்கிறேன். தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொள்ளும் இடம் என்று நினைத்திருந்தேன். அதையே அவரிடம் சொன்னேன்.

"தோள் மாத்துற எடத்துல எதுக்கு சார் தண்ணி ஊத்துறாங்க?"

நான் சிரித்தேன். சாமியைச் சாட்சிக்குக் கூப்பிட்டு அறிக்கை எழுத முடியாது என்றேன். அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

மறுநாள் காலை அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வந்து தன் டிபன் டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்தார். சோறு இருக்க வேண்டிய அடுக்கில் மணல். விடிந்ததும் போய் அந்த இடத்தில் இடுப்பளவு தோண்டிப் பார்த்திருக்கிறார். மேலே ஒரு முழம் களிமண், அதற்குக் கீழே ஆற்று மணல். விரலில் எடுத்துத் தேய்த்துக் காட்டினார். சின்னச் சின்னச் சிப்பித் துண்டுகள் மினுங்கின. செங்கல் சூளைக்காரர்கள் எப்போதோ கொட்டியிருப்பார்கள், ஃபைலெல்லாம் மணலாகிறது, எடுங்கள் என்றேன். அவர் டப்பாவை மூடினார். போகவில்லை. நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குப் படித்தவர்.

"நான் சொன்னத எழுதலியா சார்?"

அந்த நேரத்தில்தான் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். எனக்கு அவர் சொல்வது பொய் என்று தோன்றவில்லை. பாதி உண்மையாக இருக்கலாம் என்றே தோன்றியது. ஆனால் எழுதினால் என்ன ஆகும் என்று தெரியும். மேலே ஒருவர் கேள்வி கேட்பார், மண் பரிசோதனை என்பார்கள், கோப்பு நாலு மேசை சுற்றும். அதற்குள் மழை வந்துவிடும்.

"எழுதினா ஃபைல் நின்னுடும். ஃபைல் நின்னா ஒங்க பொண்ணும் பேரப்புள்ளையும் இந்த மழைக்கும் கரை மேலதான் கெடப்பாங்க. பரவாயில்லையா?"

அவர் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "அப்ப எம்பொண்ண மனைய வாங்கிக்கச் சொல்லட்டா சார்?" என்று கேட்டார்.

"கண்ண மூடிக்கிட்டு வாங்கச் சொல்லுங்க."

"நீங்க சொன்னா சரி சார்."

உள்ளூர் விசாரணை என்ற பத்தியில், 'மாற்றுக் கருத்து ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வருஷம் கார்த்திகையில் பலத்த மழை. கரைமேல் ஒரு குடிசைகூட இல்லை. நாற்பது குடும்பமும் புது இடத்தில் தார்ப்பாய் போட்டுப் பத்திரமாக இருந்தார்கள். நான் செய்தது சரி என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று இருந்தேன்.

அடுத்த வருஷம் வீடுகள் எழுந்தன. எல்லாம் ஒரே அச்சு: ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை, மேலே கான்கிரீட் தளம். மகள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குக் குடும்பத்தோடு போனேன். அந்த வீட்டில் மட்டும் ஒரு வித்தியாசம். முன்பக்கத்தில் தளத்துக்குப் போகப் படிக்கட்டு. மாடி கிடையாது, கட்ட வசதியும் கிடையாது. படிக்கட்டுக்கு இடம் விட்டதில் சமையலறை போய், பின்னால் ஷீட் போட்டு அடுப்பு வைத்திருந்தார்கள். மகளுக்கு அதில் ஏகக் கோபம். பாயசம் ஊற்றும்போதே என் மனைவியிடம் சொல்லித் தீர்த்துக்கொண்டார்.

மருமகன் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "மாமா, படி வந்துடுச்சி. மாடி எப்ப மாமா வரும்?"

பந்தியே சிரித்தது. நானும் சேர்ந்துகொண்டு, படி எதற்கு என்று கேட்டேன்.

"வடகம் காய வெக்க சார்" என்றார் லஸ்கர்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வடகப்படி வீடு என்றே பெயர் நின்றுவிட்டது.

நான் மாற்றலாகிச் சிதம்பரம் வந்தேன். அங்கேயே ஓய்வும் பெற்றேன். அவரும் ஓய்வு பெற்றார். வருஷா வருஷம் மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்கு வருவார். தேர் பார்த்துவிட்டு, கீழவீதிக் கூட்டத்தில் நசுங்கி, சட்டைப் பொத்தான் ஒன்று போய், என் வீட்டில் வந்து சாப்பிடுவார். இறால் தொக்கு டப்பா கூடவே வரும். ஆற்றுச் செய்தியெல்லாம் சொல்வார். ஒரு வருஷம், ஆறு தெற்கே திரும்பிவிட்டது என்றார். நடுத்திட்டு பெரிதாகித் தண்ணீரை இந்தப் பக்கம் தள்ளுகிறது, மேலே மணல் எடுத்த பள்ளத்திலிருந்து வேகமாக வந்து கரையின் அடியை உரசுகிறது, வளைவில் நாலு பனைமரம் போய்விட்டது என்றார். இப்போது இருக்கிற இன்ஜினியரிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன்.

"சொன்னேன் சார். அந்த எடத்துக்கு வெள்ளம் வராதுன்னு நீங்க எழுதின ரிப்போர்ட்டத்தான் எடுத்துக் காட்டுறாரு."

குத்தலாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு, ரசம் ஊற்றிக்கொண்டு சொன்னார். நானும் சிரித்தேன். அன்றைக்கே ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு என்ன வேலை என்று இருந்துவிட்டேன். அதற்கு அடுத்த மார்கழிக்கு அவர் வரவில்லை. மாரடைப்பு என்று மருமகன் போன் செய்தார். போய் மாலை போட்டுவிட்டு வந்தேன்.

அவர் போய் நாலைந்து வருஷம் கழித்துத்தான், போன கார்த்திகையில், அந்த வெள்ளம். கரையைத் தாண்டி வரவில்லை. வளைவில், பனைமரம் போன இடத்தில், கரையை உடைத்துக்கொண்டு வந்தது. காலை எட்டு மணி இருக்கும். ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ மேலிருந்து எடுத்த ஒரு வீடியோவைப் போட்டு, "பாருங்க, நம்ம ஏரியா" என்று எழுதியிருந்தார்கள். எங்கும் செந்தண்ணீர். தண்ணீருக்கு மேல் சில தளங்கள் மட்டும். ஒரே ஒரு தளத்தில் ஆட்கள் நெருக்கி நின்றிருந்தார்கள். தண்ணீருக்குள்ளிருந்து அந்தத் தளத்துக்கு ஒரு படிக்கட்டு ஏறிப் போயிற்று. எனக்கு அந்தப் படிக்கட்டைத் தெரியும். போனை வைத்துவிட்டேன். யாரும் சாகவில்லை என்று மறுநாள் தெரிந்தது. போய்ப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. சால்வை போடக் கூப்பிட்டபோது மட்டும் வந்தேன்.

உங்கள் வகுப்புக்கு மறுவாரம்தான் அந்தக் காலனிக்குப் போனேன். பாதி வீடுகள் சரிந்து கிடந்தன, மறுபடி தார்ப்பாய். லஸ்கர் மகள் வீடு நின்றது. சுவரில் ஜன்னலுக்கு மேலே தண்ணீர்க் கோடு. "வாங்க சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு டீ வைத்தார் அந்தப் பெண். அவருக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. நான் கேட்காமலே அன்றைய நாளைச் சொன்னார். பின்பக்கத்திலிருந்து தண்ணீர் வந்தது என்றார். எல்லோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம், அது முதுகுப் பக்கம் வந்ததாம். மூன்று தெரு ஜனமும் இந்தப் படியில்தான் ஏறியது. நடக்க முடியாத ஒரு கிழவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். ஆடுகளும் ஏறின. படகு வருகிற வரைக்கும், மத்தியானம் மூன்று மணி வரை, நின்றுகொண்டே இருந்தார்கள்.

"வடகப்படின்னு கேலி பண்ணவங்கல்லாம் மேல நின்னு அப்பா பேரச் சொல்லி அழுவுறாங்க சார்" என்றார்.

அப்பா இந்தப் படியை எதற்குக் கட்டினார் என்று உங்களிடம் எப்போதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"எங்கிட்டயும் வடகம்னுதான் சொல்லுவாரு. ஒரு நாளு சமையலறை போச்சேன்னு ஜாஸ்தி சண்ட போட்டேன். அப்பதான் சொன்னாரு. 'வெள்ளம் வராதுன்னு சாரு எழுதிட்டாரு. எனக்குத் தெரியும், ஒனக்கும் தெரியும். ஆத்துக்கு யாரு சொல்றது? ஒரு படி இருக்கட்டும்'னாரு. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னாரு. சாரு மனசு கஷ்டப்படுவாருன்னு."

டீ ஆறிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமும் நான் அவரை நம்ப வைத்துவிட்டதாக நினைத்திருந்தேன். என் கணக்கு அவரை ஜெயித்தது என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அவர் ஒரு நாளும் நம்பவில்லை. மகள் மழையில் கரைமேல் கிடக்கக் கூடாது என்று ஒத்துக்கொண்டார். மறுத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டார். மிச்சத்தைச் சிமெண்டிலும் செங்கல்லிலும் எழுதி வைத்துவிட்டுப் போனார். என் பத்தியில் அவர் வார்த்தைக்கு இடம் கிடைத்திருந்தால் அந்தப் பெண்ணுக்குச் சமையலறை இருந்திருக்கும்.

படியேறித் தளத்துக்குப் போனேன். பதினேழு படி. மேலே உண்மையிலேயே வடகம் காய்ந்துகொண்டிருந்தது. கரை உடைந்த வளைவிலிருந்து வெள்ளை மணல் ஒரு பட்டையாக, வீடுகளுக்கு நடுவே வளைந்து, சாமியை இறக்கி வைக்கிற இடத்தைத் தொட்டு, தெற்கே போயிருந்தது. சின்னப் பிள்ளை பார்த்தாலும் ஆறு என்று சொல்லும். கருவியை வைத்து நான் அளந்தபோது இந்த உயரத்தில் நிற்கவில்லை.

என் மட்டக்கணக்கை மறுபடி பார்த்தேன். அது தப்பில்லை. வடக்கே ஓடிய, படுகை ஆழமில்லாத, நடுத்திட்டு சின்னதாக இருந்த ஒரு ஆற்றுக்கு அது சரியான கணக்கு. நான் அளந்தது ஒரு ஆறு, வந்தது வேறு ஆறு. நடுவில் இருபது வருஷம் நாமும் மழையும் சேர்ந்து அதை மாற்றிவிட்டோம். என் தாள் மட்டும் மாறாமல் அலமாரியில் இருந்து, கேட்டவர்களுக்கெல்லாம் வெள்ளம் வராது என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பால் பாக்கெட்டில்கூட எந்தத் தேதி வரைக்கும் என்று போடுகிறார்கள். ஆற்றைப் பற்றி எழுதும்போது நீங்களும் போடுங்கள். இத்தனை வருஷத்துக்கு மேல் இதை நம்பாதீர்கள், திரும்பப் போய்ப் பாருங்கள் என்று கடைசி வரியாக எழுதுங்கள். அதற்கென்று விதி இருக்கிறதா என்று தேட வேண்டாம். எழுதக் கூடாது என்று விதி இல்லை.

அவசரம் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த மழைக்கு முன்னால் கரையிலிருந்து அவர்களை இறக்கியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் இறக்கிவிட்டு, ஒருவர் இப்படிச் சொல்கிறார், மழை முடிந்ததும் மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதியிருக்கலாம். தார்ப்பாயோடு கொஞ்சம் காத்திருந்து, வேறு மேட்டில் வீடு கட்டியிருப்பார்கள். அந்த இரண்டு வரியை எழுத எனக்கு நேரம் இருந்தது. கோப்பு தாமதமாகும் என்று அவரிடம் சொன்னது காரணத்தில் பாதி. லஸ்கர் சொன்னார் என்று எழுதினால் மேலே சிரிப்பார்கள் என்பது மீதி.

கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் அப்பா சொன்னதை நான் எழுதாமல் விட்டதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "டப்பாவுல மண்ணு எடுத்துட்டு வந்த அன்னிக்கு அப்பா சாப்பிடவே இல்ல சார். டப்பா கழுவினது நான்தான்" என்று மட்டும் சொன்னார். வேறு இடம் கொடுத்தால் போவீர்களா என்று கேட்டேன்.

"போறோம் சார். போற எடத்துலயும் படி வெச்சிக்குவோம். அது மேட்டுல இருந்தாலும் வெச்சிக்குவோம்."

போன திங்கட்கிழமை மஞ்சக்குப்பத்துக்கு மறுபடி வந்தேன். உங்களில் பலர் பார்க்கவில்லை. அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறதோ அவர் மேசைக்கு நேராகப் போய் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். என் அறிக்கையின் உள்ளூர் விசாரணைப் பத்தியில் மாற்றுக் கருத்து ஏதுமில்லை என்று எழுதியது உண்மையல்ல. அந்த இடம் பழைய ஆறு என்று இன்னார் நேரில் சொன்னார், அங்கே தோண்டிய மணலையும் கொண்டுவந்து காட்டினார். நான் வேண்டுமென்றே பதிவு செய்யவில்லை என்று எழுதி, அவருடைய பெயர், தகப்பனார் பெயர், ஊர், வேலை எல்லாம் குறிப்பிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தேன். முதல் தடவையாக, படிக்கிற மாதிரி கையெழுத்து.

வகுப்பில் கேள்வி கேட்ட அந்தப் பெண் இரண்டு முறை படித்தார். இதனால் உங்களுக்கு ஏதாவது பிரச்சினை வருமா என்று மெதுவாகக் கேட்டார். வரட்டும் என்றேன். அந்தக் காலனியை அங்கேயே கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். நான் யோசனை சொல்லவில்லை. மறுநாள் காலை காலனிக்கே போய் அந்தப் படியேறிப் பார்க்கப் போவதாக அவரே சொன்னார்.

தாளைக் கோப்பில் கட்டப் போனவர் நிறுத்தினார்.

"சார், பேருக்கு முன்னாடி திரு போடல."

நம் அலுவலகத்தில் லஸ்கர் பெயருக்கு முன்னால் யாரும் போட்டதில்லை. முப்பத்தைந்து வருஷம் நானும் போட்டதில்லை. எழுதும்போது கை தன் பழக்கப்படி போயிருக்கிறது. அவர் பேனாவை நீட்டினார். வாங்கிப் போட்டேன்.

உங்களுக்கு எழுதும் இந்தப் பக்கங்களில் அவர் பெயர் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. கோப்பைத் திறந்து பாருங்கள்.